டயர் வைத்த வீட்டில் அக்கா

என் வாழ்க்கையில் நான் மிக அதிக நேரம் உற்றுப் பார்த்த பொருள் ஒரு காற்றுக் குமிழி. பம்பாயில் கடல் இருந்தது. மாட்டுங்கா பூக்கடை வரிசையில் சும்மா நின்றாலே பார்ப்பதற்கு எவ்வளவோ இருந்தது. என் வயதுப் பையன்கள் அதையெல்லாம் பார்த்தார்கள். நான் விரல் நீளக் கண்ணாடிக் குழாய்க்குள் பச்சைத் திரவத்தில் மிதந்துகொண்டிருந்த ஒரு குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசைந்து அசைந்து நடுக்கோட்டுக்கு வந்து நிற்கும். நின்றதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அத்தான், நின்னுட்டு!" என்று கத்துவேன். இதுதான் என் உத்தியோகம். இதைவிடப் பொறுப்பான வேலை எதையும் என்னிடம் ஒப்படைக்கும் துணிச்சல் நான் வேலை பார்த்த காரேஜில் யாருக்கும் இல்லை.

கொத்தனார்கள் சுவர் எழுப்பும்போது வைத்துப் பார்க்கிற ரசமட்டம்தான் அது. ஆனால் எங்களுடையது ஒரு வண்டிக்குள்ளே, அடுப்புக்குப் பக்கத்தில் திருகி வைக்கப்பட்டிருந்தது. அறுபதுகளின் கடைசியில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, தங்கள் ஊரிலிருந்து தரை வழியாகவே ஓட்டிக்கொண்டு வந்த வண்டி. வெளியே பார்த்தால் பால் வண்டி மாதிரி இருக்கும். உள்ளே ஒரு குடும்பம் நடத்தலாம். மடக்குக் கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, கை கழுவத் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. பாலைவனமெல்லாம் தாண்டி வந்த வண்டி, தாராவியின் ஓரத்தில் எங்கள் சேட்டின் காரேஜ் வாசலுக்கு வந்ததும் உயிரை விட்டது. இஞ்சினுக்கு வேண்டிய சாமான் கப்பலில்தான் வர வேண்டும் என்றார் சேட். அந்தத் தம்பதி காத்திருந்து பார்த்து அலுத்துப்போய், வண்டியை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டார்கள். திரும்பி வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். சொன்னதோடு சரி.

அத்தான், அதாவது அக்கா புருஷன், அந்த காரேஜில் டிங்கர். நசுங்கிய தகரத்தைத் தட்டி நேராக்குவதும், உடைந்ததை வெல்டிங் வைத்து ஒட்டுவதும் அவர் வேலை. அவர் சிபாரிசில் ஒட்டிக்கொண்டவன் நான். அந்த வருஷம் அவரும் அக்காவும் குடியிருந்த குடிசைக்குள் சாக்கடை புகுந்து, இருக்க முடியாமல் போனது. அத்தான் சேட்டிடம் போய் நின்றபோது, "அந்த வண்டியில இருந்துக்கோ. காவலுக்கு ஆள் இருந்த மாதிரியும் ஆச்சு" என்று சொல்லிவிட்டார். இப்படியாகத்தான் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த என் அக்கா டயர் வைத்த வீட்டுக்குக் குடிபோனாள்.

தெருவே திரண்டு வந்து பார்த்தது. "ஏட்டி, வாடகை கேட்டு எவனும் வந்தா வீட்டோட ஓடிப் போயிரலாம் போலுக்கே" என்றாள் ஒருத்தி. "எங்கன ஓடுறது? இஞ்சினு செத்துல்லா கெடக்கு" என்றாள் இன்னொருத்தி. அக்கா என்னைக் கை காட்டி, "தள்ளிக்கிட்டுப் போக எந்தம்பி இருக்கான்லா. சோத்தப் போட்டு வேற என்னத்துக்கு அவன வச்சிருக்கோம்?" என்றாள். அக்காவின் வாய் அப்படி. நடையும் அப்படியே. தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் வைத்துக்கொண்டு பொதுக் குழாயிலிருந்து அவள் வருகிற வேகத்துக்கு, வெறுங்கையோடு நடக்கிற நான் மூச்சு வாங்குவேன்.

வண்டியை விட்டுப் போவதற்கு முன்பு அந்த வெள்ளைக்காரர் அத்தானுக்கு ஒரு பாடம் நடத்தியிருந்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. ஒரு முட்டையை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தார். அது உருண்டது. கன்னத்தில் கை வைத்துத் தூங்குவதுபோல் காட்டி, கட்டிலிலிருந்து விழுவதுபோல் நடித்தார். ரசமட்டத்தைத் தட்டிக் காட்டினார். எங்கே நிறுத்தினாலும் முதல் வேலை வண்டியை மட்டமாக்குவது, மற்றதெல்லாம் அப்புறம் என்று புரிந்தது. அத்தானுக்கு அது பிடித்துப்போனது. கோணல் எதைக் கண்டாலும் சுத்தியலைத் தேடுகிற மனிதர் அவர்.

ஆனால் காரேஜ் நின்ற இடம் அப்படிப்பட்டது. சதுப்பில் தோல் துண்டும் சாம்பலும் குப்பையும் கொட்டி மேடாக்கிய தரை. வெயில் காலத்தில் தரைபோல இருக்கும். மழை விழுந்ததும் ஊற வைத்த அவல். அந்த ஆனி மாத மழை தொடங்கியதும் வண்டியின் இடது பின்சக்கரம் மெல்ல இறங்கத் தொடங்கியது. முதலில் கண்டுபிடித்தது அக்காதான். "கொழம்பு ஒரு பக்கமா ஒதுங்குது" என்றாள். அத்தான் ஜாக்கி வைத்து உயர்த்தி, பழைய ரயில் கட்டைகளை அறுத்துச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். நான் உள்ளே குமிழியைப் பார்த்தேன். நின்றது. கத்தினேன். அடுத்த மழைக்கு மறுபடியும் இறங்கியது. மறுபடியும் கட்டை. மறுபடியும் கத்தல். இது பழகிப்போயிற்று. காலையில் மற்றவர்கள் பல் விளக்குவதுபோல நாங்கள் வீட்டை நேராக்கினோம்.

ஒரு நாள் காலையில் அக்கா, "இடது பக்கம் ரொம்ப எறங்கிட்டு" என்றாள். நான் பார்த்தேன். குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது.

"எறங்கலயே. குமிழி நடுவுலதான நிக்கு?"

"குமிழி நிக்கு. நான் நிக்கலயே" என்றாள் அக்கா.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என்னைவிட நல்ல நகைச்சுவை எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் வராது என்று நினைத்திருந்தவனுக்கு அது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அத்தான் சிரிக்கவில்லை. அக்கா அலமாரியின் விளிம்பைப் பிடித்திருந்த கையை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் வெளுத்திருந்தன.

முதலில் ரசமட்டத்தின் மேல் பழி போட்டோம். வெள்ளைக்காரன் சாமான், நம்ம ஊர் ஈரத்துக்குக் கெட்டுப்போயிருக்கும். மாட்டுங்காவில் கட்டட வேலை பார்த்த ஒரு கொத்தனாரிடம் இன்னொன்று இரவல் வாங்கி வந்து வைத்தோம். அதிலும் குமிழி நடுவில். தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தோம். நாலா பக்கமும் ஒரே அளவு. முட்டையை வைத்தேன். தவம் செய்கிற முனிவர் மாதிரி இருந்தது. "எனக்கு மட்டும் ஏன்ல இப்படித் தள்ளுது?" என்று கேட்டாள் அக்கா. அவள் குரலில் அன்றுதான் முதல்முறையாகப் பயத்தைக் கேட்டேன்.

தெருப் பெண்கள் கூடிப் பேசி, கண்ணேறுதான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஊரே வந்து வாயைப் பிளந்த வீடு, சும்மா விடுமா? வண்டிதானே, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்க வேண்டும் என்றார்கள். ஏற்ற வேண்டும் என்றால் வண்டி ஓட வேண்டும். இது ஓடாது. எலுமிச்சம்பழத்தைத் தேடிச் சக்கரம் போக முடியாததால், சக்கரத்தைத் தேடி எலுமிச்சம்பழம் போயிற்று. அத்தான் ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கியில் தூக்கினார். நான் கட்டைக்கு மேல் பழத்தை வைத்தேன். அவர் பயபக்தியோடு ஜாக்கியை இறக்கினார். உலகத்திலேயே நின்ற இடத்தில் நின்றபடி கண்ணேறு கழித்த வண்டி அதுவாகத்தான் இருக்கும். அக்காவுக்கு ஒன்றும் தெளியவில்லை. எறும்புதான் வந்தது.

பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அக்காவைக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். அவள் இடது பக்கமாகச் சாய்ந்தாள். நான் பிடித்தேன். காதுக்குள்ளே தண்ணீர் மாதிரி ஒன்று இருக்கிறது, அதை வைத்துத்தான் உடம்பு தன்னுடைய மட்டத்தைத் தெரிந்துகொள்கிறது, அது கலங்கிவிட்டது என்று அவர் விளக்கினார். ஆக ஒவ்வொருவர் காதுக்குள்ளும் ஒரு ரசமட்டம். அக்காவுடையது மட்டும் பொய் சொல்கிறது. மாத்திரை தந்தார். எப்போது சரியாகும் என்று அத்தான் கேட்டார். "தானாகப் போகலாம். போகாமலும் இருக்கலாம்" என்றார் டாக்டர். அவரும் எங்களை மாதிரிதான் என்று தோன்றியது. எங்கள் ஜாக்கி தூக்கவாவது செய்தது.

அந்த வாரத்திலேயே, சோறு வடிக்கும்போது அக்கா விழுந்தாள். கொதிக்கிற கஞ்சி பாதத்தில் கொட்டிவிட்டது. அன்றைக்கு நானும் அத்தானும் ரோட்டில் நின்றுபோன ஒரு லாரியைப் பார்க்க தேவ்நார் பக்கம் போயிருந்தோம். திரும்பி வந்தபோது பக்கத்துக் குடிசைப் பெண் காலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் கவிழ்ந்து கிடந்த பானையை நிமிர்த்தி வைத்தார். அப்புறம் சொன்னார்: "ஆடி முடியுறதுக்குள்ள ஒனக்குச் சரியாகலன்னா ஊருக்கு அனுப்பிருதேன். அம்மை பாத்துக்கிடுவா."

அக்காவின் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது. அத்தானின் அம்மாவிடம் போவதென்றால் என்ன என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கல்யாணமாகிப் பிள்ளை இல்லாத மருமகள், இப்போது தலையும் சுற்றுகிறவள். மகனுக்கு வேறு பெண் பார்க்க அந்தக் கிழவிக்கு ஒரு சாக்குத்தான் வேண்டியிருந்தது. ரயிலேறிப் போனால் திரும்பி வருவது அவள் கையில் இல்லை. அத்தானுக்கும் இது தெரியும். அனுப்ப அவருக்கு மனசில்லை. வைத்துக்கொள்ள வழியும் தெரியவில்லை. கோணலை நேராக்கியே பிழைத்தவர் கையில், சுத்தியல் எட்டாத இடத்தில் ஒரு கோணலைக் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "மாப்ளே, குமிழியப் பாக்காத. இனும அவ சொல்லுறதுதான் மட்டம்" என்றார்.

அப்படித்தான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. அக்கா வண்டிக்கு நடுவில் கண்ணை மூடி நிற்பாள். வெளியே சகதியில் நாங்கள் ஜாக்கி அடிப்போம். "இன்னும்... இன்னும் செத்த... ஆங், இப்பம் சரி" என்பாள். கட்டையைக் கொடுத்து இறக்குவோம். முதல் நாள் அது பலித்தது. நிஜமாகவே பலித்தது. அக்கா எதையும் பிடிக்காமல் நின்று சுக்குக் காப்பி போட்டுத் தந்தாள். நாங்கள் இரண்டு பேரும் சரிந்து விழாமல் காலை உதைத்துக்கொண்டு, தம்ளரைச் சாய்த்துப் பிடித்துக் குடித்தோம். முட்டை போன இடம் தெரியவில்லை. "எப்படி இருக்கு?" என்றாள் அக்கா. "காப்பியா, வீடா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு.

மறுநாள் அந்தச் சாய்வு அவளுக்குப் போதவில்லை. இன்னொரு கட்டை. அதற்கடுத்து இன்னொன்று. வண்டி வலது பக்கமாகச் சாய்ந்து, கரையில் ஒதுங்கிய படகு மாதிரி நின்றது. சேட் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். "அரே மதராசி, யே காடி ஹை யா ஜஹாஜ்? வண்டியா இது, கப்பலா? வெள்ளைக்காரன் வந்து கேட்டா என்ன சொல்வேன், கப்பல் கவிழ்ந்து போச்சுன்னா?" சேட் உள்ளே எட்டிப் பார்த்தார். சுவரோடு ஒட்டி நின்ற அக்காவைப் பார்த்தார். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஆடி பாதி கடந்தபோது, ஒரு சாயங்காலம் கொட்டுகிற மழையில் அக்கா, "இன்னும் கொஞ்சம்" என்றாள். அத்தான் கையில் கட்டையோடு நின்றார். இன்னொரு கட்டை கொடுத்தால் வண்டி புரண்டுவிடும். எனக்கே அது தெரிந்தது என்றால் யாருக்கும் தெரியும். அவர் மழையில் அசையாமல் நின்றார். தூக்கவும் முடியவில்லை, முடியாது என்று உள்ளே சொல்லவும் முடியவில்லை. முகத்தில் வழிந்தது எல்லாம் மழை என்று நான் வைத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கோமாளித்தனம். ஜாக்கியின் வால்வைத் திறந்துவிட்டு, கைப்பிடியை மட்டும் மேலும் கீழும் அடித்தேன். வண்டியின் பாரம் கட்டை மேல் இருந்தது. ஜாக்கி சும்மா கிடந்து, "கீச்சு, கீச்சு" என்று சத்தம் போட்டது. ஒரு நூல்கூட ஏறவில்லை. "போதுமாக்கா?" என்று கத்தினேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆங். இப்பம் சரி."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் வால்வைக் காட்டினேன். புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்புறம் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அப்பம் அவளுக்கு ஒண்ணுமில்லல்லா மாப்ளே? எல்லாம் மனசுதான? பயந்துட்டா, அம்புட்டுத்தான?" அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அவர் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. அடுத்து வந்த நாட்களில் நாங்கள் திருடர்கள் மாதிரி வேலை செய்தோம். ஜாக்கியை உயர்த்துகிற சத்தம் எழுப்பிக்கொண்டே, ஒவ்வொரு கட்டையாக உருவினோம். வண்டி இறங்க இறங்க அக்கா, "சரி, இப்பம் சரி" என்றாள். கடைசியில் குமிழி நடுவில் வந்து நின்றது. அக்காவும் நின்றாள். ஊருக்குப் போகிற பேச்சை அத்தான் விட்டுவிட்டார். மாட்டுங்காவுக்குப் போய் மல்லிகைப் பூ வாங்கி வந்தார். நான் பெரிய வைத்தியனாகிவிட்டேன். ஆஸ்பத்திரியால் முடியாததை வால்வைத் திருகித் தீர்த்தவன் என்று, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆவணி பிறந்த பிறகு ஒரு நாள் மத்தியானம். அத்தான் கொட்டகைக்குள் தகரம் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா தண்ணீர் எடுத்து வந்துகொண்டிருந்தாள். தலையில் குடம் இல்லை. இடுப்பில் மட்டும் ஒன்று. ஓட்டமும் இல்லை. வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும், குடம் இல்லாத பக்கத்துக் கை தகரத்தைத் தொட்டுக்கொண்டே வந்தது. "என்னக்கா, வீட்டுக்குத் திருநீறு பூசுதியா?" என்று கேட்டேன். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"ஏல, அன்னிக்கு ஜாக்கி சத்தம் மட்டுந்தான் வந்துச்சு. வண்டி ஏறல. எனக்குத் தெரியாதா?"

நானும் கொட்டகைப் பக்கம் பார்த்தேன்.

"ரெண்டு பேரும் மழையில நனஞ்சுக்கிட்டு எம்புட்டு நேரந்தான் நிப்பிய? அவுக சத்தமே காணும். அழுதாகளோ என்னமோன்னு இருந்துச்சு. அதான் சரின்னுட்டேன்."

"அப்பம் இப்பம்?"

"இப்பமும் சாஞ்சுதான் கெடக்கு. அன்னிக்கு விட கூடயும் இல்ல, கொறையவும் இல்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "சொல்லிராத. சொன்னேன்னா ரயிலேத்தி விட்டுருவாக" என்றாள்.

எதற்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு வைத்திருப்பவன் நான். அன்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. சொன்னால் அவளை இழப்போம். சொல்லாவிட்டால் அவள் தனியாகவே அந்தச் சாய்வில் நின்றுகொண்டிருக்க வேண்டும். குடத்தைத் தூக்கி உள்ளே வைத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். அன்று முதல் தண்ணீர் எடுப்பது என் வேலையாயிற்று. "இவனுக்கு எப்படிடே திடீர்னு புத்தி வந்துச்சு?" என்று அத்தான் ஆச்சரியப்பட்டார். அக்கா உட்கார்ந்தே சமைக்கப் பழகினாள். சோறு வடிப்பதை விட்டுவிட்டுப் பொங்கி இறக்கினாள். அத்தான் வருகிற காலடி கேட்டால், பிடித்திருந்த கையை எடுத்துவிட்டுச் சேலை முந்தானையைச் சரிசெய்வதுபோல் நிற்பாள். அந்த வித்தையைப் பார்த்துக்கொண்டிருப்பது குமிழியைப் பார்ப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

வெள்ளைக்காரர்கள் வரவே இல்லை. மறு வருஷம் சேட் வண்டியை யாருக்கோ தள்ளிவிட்டார். அத்தானுக்கு ஆண்டாப் ஹில்லில் ஒரே அறையாக ஒரு கோலி கிடைத்தது. சிமெண்டுத் தரை. ஜாக்கிக்கு அங்கே வேலை இல்லை. அக்காவை அழைத்து வருவதற்கு முந்திய நாள், சாமான்களோடு நான் போனபோது அத்தான் சுவரில் இரும்புக் குழாய் பதித்துக்கொண்டிருந்தார். வாசலில் ஆரம்பித்து, அடுப்படி வழியாக, மோரி என்று பம்பாயில் சொல்கிற குளிக்கிற மூலை வரைக்கும், இடுப்பு உயரத்தில் ஒரே ஓட்டமாகக் குழாய். மூலைகளில் வளைத்து வெல்டிங் வைத்து, கையை அறுக்காமல் அரம் போட்டு ராவியிருந்தார்.

"என்ன அத்தான் இது?"

"துணி காயப் போட" என்றார், என்னைப் பார்க்காமல்.

ஒரு பெரிய ரகசியத்தை நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருப்பவன் நான் என்று அதுவரை எனக்கு ஒரு நினைப்பு. எப்போதிருந்து அவருக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் அக்கா வந்தாள். வாசலில் கால் வைத்ததும் அவள் கை தானாகப் போய்க் குழாயில் உட்கார்ந்தது. "எப்படி இருக்கு?" என்று அத்தான் கேட்டார். "நேராத்தான் இருக்கு" என்றாள் அக்கா. சில மாதம் தேவலையாகவும் சில மாதம் மோசமாகவும் அந்தச் சுற்றல் அவளோடு கடைசிவரை இருந்தது. அவள் ஊருக்குப் போகவில்லை. அந்தக் குழாயில் ஒரு துணிகூடக் காய்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு பக்கம் முழுவதும் அவள் கை பட்டு வெள்ளிபோல் பளபளத்தது.

இரண்டு பேரும் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. நான் இப்போது சான்பாடாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். கொஞ்ச நாளைக்கு முன்பு ஆண்டாப் ஹில்லில் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், சும்மா அந்த கோலியை எட்டிப் பார்த்தேன். நம் ஊர்ப் பக்கத்துக் குடும்பம்தான் இருக்கிறது. அந்த வீட்டுப் பெண் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். சுவரைச் சுற்றிலும் குழாய் நிறைய ஈரத் துணிகள். சட்டைகளும் பள்ளிக்கூடப் பாவாடைகளும் சொட்ட, சேலைகள் தரையில் புரண்டுகொண்டிருந்தன.

"பாருங்க அங்கிள், எந்தப் பாகல், பைத்தியக்காரன் வச்சான்னே தெரியல. துணி காயப் போடுற பைப்ப யாராவது இவ்ளோ நீச்சே, இடுப்பு ஒசரத்துல வைப்பாங்களா? துவைச்ச துணி தரையில இடிக்குது. எடுத்துடலாம்னா வெல்டிங் ஏக்தம் பக்கா, அசையவே மாட்டேங்குது" என்றாள்.

அத்தான் ஆறடிக்கு மேல். அந்த வாசலில் குனியாமல் நுழைந்ததே இல்லை.

"ஆள் ரொம்பக் குள்ளம்மா" என்றேன். சொல்லிவிட்டு, ஈரச் சட்டைகளை ஒதுக்கிக்கொண்டு, குழாயைப் பிடித்தபடியே வாசல் வரை வந்தேன்.